சிவப்பு மூடி

மார்ச் 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

போன ஞாயிறு போனில் பேசியபோது "நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர நீ வேறு எதுவும் சொல்லவில்லை. உன் அண்ணி போனை வாங்கி, "அவளுக்குக் கிட்னியில கோளாறு, உங்ககிட்டச் சொல்லவே மாட்டேங்கறா" என்று போட்டு உடைக்காவிட்டால் நான் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதனால் இனி உன்னோடு போன் கிடையாது. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன், வாயால் நீ என்ன வேண்டுமானாலும் அளப்பாய். எழுதச் சொன்னால் மட்டும் பொய் வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஆகவே எழுது.

என் சங்கதியும் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்றதும் நீ என்னை விஞ்ஞானி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். நான் எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டில் மரத்தூள் மாற்றி, எடை பார்க்கிறவள். அடித்தளத்தில் எங்கள் அறை. ஜன்னல் கிடையாது. காலையில் இறங்கினால் மாலையில்தான் ஏறுவேன். மகன் வேறு ஊரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், செய்யாமலும் இருப்பான். குடியிருப்பது ஒரு சலவைக்கடையின் மேல் அறை, நாள் முழுக்க சோப்பு வாசனை.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், இந்த மாதம் புதிதாக வந்திருக்கும் எலிகள் உன் ஜாதி. கிட்னியை மெல்லக் கெடுக்கும் தீனி கொடுத்து, பாதி எலிகளுக்கு வைட்டமின் டி மருந்தும் மீதிக்கு வெறும் எண்ணெயும் கொடுக்கிறோம். மருந்து கிட்னியைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதற்கு. ஒரு பாட்டிலுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. எதில் மருந்து என்பது எங்கள் தலைமை அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தால் என் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

அதில் ஒருத்தி இருக்கிறாள். இருப்பதிலேயே சின்னவள். மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எல்லோரும் தின்று முடித்ததும் மெதுவாக வந்து கொறிப்பாள். போர்வைக்குள் பிஸ்கட் தின்ற உன்னை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. இங்கே எலிக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். யாரும் இல்லாத நேரத்தில் நான் சுண்டெலி என்று கூப்பிடுகிறேன். அவளுக்குச் சிவப்பு மூடி.

உடனே பதில் போடு. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது.

உன்,
ஒட்டகம்


ஏப்ரல் 2

ஒட்டகமே,

எனக்குச் செய்த மரியாதைக்கு நன்றி. என் பெயரை ஒரு ஜீவனுக்கு வைக்க உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள், அதுவும் வாலோடு.

டாக்டர் சொன்னது இது. என் கிட்னி இரண்டிலும் தழும்பு விழுந்துகொண்டே போகிறதாம். வெளியே அடிபட்டால் தோலில் விழுவதைப் போல உள்ளே. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது, வலியே இல்லையே. ரத்தத்தில் வைட்டமின் டி ரொம்பக் கம்மி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வெயில்ல போறதே இல்லையாம்மா நீங்க?" என்று கேட்டார். "வெயில் என் ரூமுக்கு வர்றதில்ல டாக்டர், நானும் அதைத் தேடிப் போறதில்ல" என்றேன். சிரிக்கவில்லை அந்த மனிதர்.

உண்மைதானே. நான் வேலை செய்யும் இடமும் பஸ் நிலையத்தின் மாடிப்படிக்குக் கீழேதான். பஸ்ஸில் மறந்துவிட்டுப் போவதெல்லாம் என்னிடம் வரும். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள். போன வாரம் ஒரு பல்செட் வந்தது. இதுவரை தேடி ஆள் வரவில்லை, அந்த மனிதர் எதைத் தின்று உயிர் வாழ்கிறாரோ.

வீட்டில் எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் "அவளுக்குச் சும்மா களைப்பு" என்கிறான். அண்ணி உப்பில்லாத சாப்பாட்டை என் அறைக்கு ஏறும் மாடிப்படியில் மூடி வைத்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறாள். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நினைக்கிறாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

தழும்பு விழுந்தால் என்ன ஆகும், வைட்டமின் டி அதை என்ன செய்யும், எனக்குப் புரிகிற மாதிரி எழுது. டாக்டருக்கு வாசலில் நிற்கும் கூட்டத்தில்தான் கண். நம்மாள் எப்படி இருக்கிறாள்? ஆராய்ச்சி முடிந்த பிறகு அவளை நீ வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள விடுவார்களா?

சுண்டெலி


மே 4

அன்புள்ள சுண்டெலி,

தலைமை அம்மாவிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் என் தப்பு.

கிட்னிக்குச் சேதம் வந்ததும் பழுதுபார்க்க உடம்பு ஆள் அனுப்புகிறது. வேலை முடிந்தும் வீட்டை விட்டுப் போகாமல் சுவர் மேல் சுவராகப் பூசிக்கொண்டே இருக்கும் கொத்தனாரை நினைத்துக்கொள். அந்தப் பூச்சுதான் தழும்பு. அது நார் மாதிரி கெட்டியானது, ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தெரியாது. நல்ல இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டால் கிட்னி நின்றுபோகும். வைட்டமின் டி அந்தக் கொத்தனாரைப் பார்த்து "போதும், கிளம்பு" என்று சொல்கிறது என்பதுதான் இவர்கள் எண்ணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டியை வேலைக்கு ஆகும்படி கடைசியில் மாற்றிக் கொடுப்பதே கிட்னிதான். கிட்னி கெட்டால் அது குறையும், அது குறைந்தால் கிட்னி இன்னும் கெடும். அதனால் வெயிலில் காய்ந்தால் மட்டும் போதாது, டாக்டர் கொடுத்த மாத்திரை முக்கியம். இருந்தாலும் வெயிலில் கொஞ்சம் போய் உட்கார். உன் மூஞ்சிக்கு நல்லது.

நம்மாள் ஜோராக இருக்கிறாள். மற்றவை சில மெலிந்து ரோமம் சிலிர்த்துக்கொண்டு கிடக்கின்றன. இவள் ரோமம் பளபளவென்று இருக்கிறது. தராசில் வைத்தால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்கிறாள். சிவப்பு மூடியில்தான் மருந்து, எழுதி வைத்துக்கொள். யாரும் சொல்லவில்லை, என் கண்ணுக்குத் தெரியாதா?

ஆராய்ச்சி ஜூலை வரைக்கும் ஓடும். அதற்கப்புறம் என்ன என்பதை அப்புறம் பார்க்கலாம்.

நேற்று முழுநாளும் நான் பேசியது அவளிடம் மட்டும்தான் என்று படுக்கப் போகும்போது தோன்றியது. சிரிப்பாக இருந்தது, பிறகு சிரிப்பாக இல்லை.

உன்,
ஒட்டகம்


ஜூன் 7

ஒட்டகமே,

நீ சொன்னாய் என்று மதியம் வெளியே போய் பஸ்கள் நிற்கும் இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்காருகிறேன். முதல் நாளே ஒரு டிரைவர் பக்கத்தில் வந்து, "என்ன மேடம், உங்களையும் யாராச்சும் மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றார். "ஆமா, அடையாளம் சொல்லிக் கேட்டு வர்றவங்க யாரும் இல்ல" என்றேன். அதன் பிறகு தினமும் கை காட்டிவிட்டுப் போகிறார்.

இந்த மாதப் பரிசோதனை நன்றாக இல்லை. டாக்டர் முதல் தடவையாக நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினார். என்றைக்காவது ஒரு நாள் டயாலிசிஸ் மிஷினில் உட்கார வேண்டி வரும், அதற்கு இப்போதே கையைத் தயார் செய்ய வேண்டும் என்கிறார். மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கிற சின்ன ஆபரேஷன்தானாம். ஆனால் தைத்த கை பக்குவமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். "தள்ளிப் போடாதீங்கம்மா, உங்களுக்கு நல்லா இருக்கற மாதிரிதான் தோணும்" என்றார்.

நான் தள்ளிப் போட்டேன். நம்மாளுக்கும் எனக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. அவள் பளபளவென்று இருக்கிறாள் என்றால் எனக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டாமா? கையை அறுத்துக்கொண்டால் கிட்னி போய்விட்டது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா? நம்மாளைப் பற்றி உடனே எழுது.

சுண்டெலி


ஜூலை 16

அன்புள்ள சுண்டெலி,

மாத்திரையைக் கூட்டிப் போடாதே. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னிக்கே கெடுதல். எழுதிக் கொடுத்த அளவுதான்.

நம்மாள் சௌக்கியம். நன்றாகத் தின்கிறாள், தூங்குகிறாள். மூலையை விட்டு இப்போது கொஞ்சம் நடுவுக்கு வருகிறாள். ஆராய்ச்சியை இன்னும் சில மாதம் நீட்டியிருக்கிறார்கள்.

கையைத் தயார் செய்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். டாக்டரிடம் இன்னொரு தடவை பேசு.

வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உன்,
ஒட்டகம்


ஆகஸ்ட் 11

ஒட்டகமே,

சின்னக் கடிதம் என்றாலும் வயிற்றில் பால் வார்த்தாய். நடுவுக்கு வருகிறாளா? அவளைப் பார்த்து நானும் தேறிவிட்டேன். நேற்று வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் கடைத்தெருவில் சுற்றிவிட்டு, எனக்கு ஒரு கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று நினைக்கிறாய்? டிரைவரிடம் நம்மாள் கதையை முழுக்கச் சொன்னேன். "அப்ப அந்த எலி நல்லா இருக்கற வரைக்கும் நீங்க கல்லு மாதிரி இருப்பீங்க மேடம்" என்கிறார். தினமும் பஸ்ஸை நிறுத்தியதும் "எலி எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. ஆக, என்னைப் பற்றி விசாரிக்கவும் ஓர் ஆள் கிடைத்தாயிற்று.

காலையில் கணுக்கால் வீங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டாக்டர் மறுபடி கையைப் பற்றிக் கேட்டார். ஆராய்ச்சியை நீட்டியிருக்கிறார்களாம், முடிவு தெரிந்ததும் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

அவளைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? கூடாது என்பார்கள், தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் எடு.

சுண்டெலி


ஆகஸ்ட் 28

சுண்டெலி,

உட்கார்ந்து படி. அவள் இல்லை. ஜூலை முதல் வாரத்திலேயே போய்விட்டாள். ஆராய்ச்சியை யாரும் நீட்டவில்லை. முடிகிற நாளில் எல்லா எலிகளையும் மயக்கத்திலேயே கொன்றுவிடுவார்கள், மருந்து தின்றதையும் எண்ணெய் தின்றதையும் சேர்த்து. கிட்னியை வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே தழும்பு எவ்வளவு என்று தெரியும். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பெயர் வைத்தபோதும் தெரியும். உன் ஜூன் கடிதம் பதில் எழுதாமல் என்னிடம் கிடந்த வாரம்தான் அவளைக் கூண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எடுத்தபோதும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் இருக்கிறது. சிவப்பு மூடியில் இருந்தது வெறும் எண்ணெய்.

கிட்னியைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவார்கள். தழும்பு நீலமாகத் தெரியும். தலைமை அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீல மூடி எலிகளுக்கு அங்கங்கே மெல்லிய நீலக் கோடுகள்தான். மருந்து தழும்பைக் குறைத்திருக்கிறது, அது நிஜம். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று அந்த அம்மாவே சொல்வதில்லை என்பதும் நிஜம். அவளுடைய எண்ணைச் சொல்லிக் கேட்டேன். எடுத்து வைத்தார். முழுக்க நீலம்.

கடைசி நாள்வரை அவள் ரோமம் பளபளத்தது. தின்றாள், விளையாடினாள். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். உன் உடம்பு தேறிவிட்டது என்று உனக்குத் தோன்றுவதை நம்பாதே. கணுக்கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் தேறியதற்கு அடையாளம் இல்லையடி. மாத்திரையை விடாதே. நாளைக்கே போய்க் கையைக் காட்டு.

ஏன் பொய் எழுதினாய் என்று கேட்பாய். நீ ஒவ்வொரு கடிதத்திலும் நம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். எனக்கு எழுதுகிறவள் நீ ஒருத்திதான். அவள் போய்விட்டாள் என்றால் நீ எதற்கு எழுதப்போகிறாய் என்று பயந்தேன். உனக்காகச் சொன்ன பொய் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். போட்டோ கேட்டாயே, அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

நாளைக்கே போ.

ஒட்டகம்


அக்டோபர் 15

அன்புள்ள சுண்டெலி,

பதில் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். உன் அண்ணி, "தூங்கறா, எழுந்ததும் சொல்றேன்" என்றாள். ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டதற்கு, "உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றாள். அவள் குரலில் சங்கடம் தெரிந்தது. பாவம், நல்லவள்தான்.

திட்டியாவது எழுது. ஒரு வரி போதும். புது எலிகள் வந்திருக்கின்றன. நான் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. தீனி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறேன். சலவைக்கடையை ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அறைக்கு வந்தால் சத்தமே இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் படியில் போய் நிற்கிறேன்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் யாரையாவது விட்டு எழுதச் சொல்.

உன்,
ஒட்டகம்


நவம்பர் 20

ஒட்டகத்துக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே போனேன். ஆபரேஷன் ஆயிற்று. கை பக்குவமாகும் வரை உடம்பு பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மூச்சு முட்டி, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனான். அண்ணி பின்னாலேயே அழுதுகொண்டு ஓடிவந்தாள், செருப்புகூடப் போடாமல். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். "இன்னும் ரெண்டு மாசம் முன்னாடியே கையை ரெடி பண்ணியிருந்தா கழுத்துல போட வேண்டியிருந்திருக்காதும்மா" என்றார் டாக்டர். ஏன் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஓர் எலியை நம்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஜூனில் தள்ளிப் போட்டது என் முட்டாள்தனம், அதை உன் தலையில் கட்ட மாட்டேன். ஜூலையில் நீ உண்மையை எழுதியிருந்தால் ஜூலையில் போயிருப்பேன். அவ்வளவுதான் கணக்கு. இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் மிஷின். படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும்போது எலியை நினைத்து வருத்தப்படவில்லை. அது சாகும் என்று எனக்குப் பாதி தெரிந்துதான் இருந்தது, ஆராய்ச்சி முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதாததை நான்தான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என்னைப் படுத்துவது வேறு. ஜூலையும் ஆகஸ்டும் நான் சந்தோஷமாக இருந்தேன். கடைத்தெருவில் சுற்றினேன். யாரோ ஒரு டிரைவரிடம் வாய் ஓயாமல் பேசினேன். பெரியவளான பிறகு அப்படி இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அந்த இரண்டு மாதத்தில் எதுவும் நிஜமில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் இருந்தவள் நான்தானே?

அதை எனக்குக் கொடுத்ததும் நீதான். இதோ கழுத்தில் தொங்குகிற குழாயையும் நீதான் கொடுத்தாய். இதற்கு உன்னைத் திட்டுவதா, நன்றி சொல்வதா என்று ஒவ்வொரு தடவையும் மிஷின் நிற்கும் வரை யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை. நீ இப்போது எது எழுதினாலும் ஒவ்வொரு வரியிலும் இது நிஜமா என்று நின்று நின்றுதான் படிப்பேன். அப்படி உன்னைப் படிக்க எனக்கு இஷ்டமில்லை.

தெரிந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம். படியில் போய் நிற்காதே, குளிரும்.

சுண்டெலி